எழுந்து நிற்பவனுக்காக வைத்த கம்பி

பாறசாலை,
ஜூலை 12

அன்பு மகன் லிஜோவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இந்த வரியை எழுதும்போது எப்போதும் வரும் நிம்மதி இந்தத் தடவை வரவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் நம் வேலைக்கார இசக்கியின் பெயரை எடுத்தாலே உனக்கு ஷிஃப்ட் தொடங்கிவிடுகிறது. அதனால் உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு ஷீனாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா சீவி வறுத்த ஏத்தவாழைக்காய் உப்பேரியும் இருக்கிறது. இங்கே மழை விடவில்லை, நம் பண்ணைக் கடாக்களுக்கு நனையாத தீவனம் கிடைப்பது பெரும்பாடு.

தீவனம் அள்ளும் லோடர் வண்டியின் பக்கெட் காலில் இறங்கி, இசக்கிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது உனக்குத் தெரியும். பட்டணத்தில் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் மைத்துனனின் அறையில் கிடக்கிறான். நேற்றுப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எழப் பார்த்தான், முடியவில்லை. அவன் முதலில் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே சார்?" என்று. அவன் மனைவி மாடம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "கண்ணப் பொடதியிலயா வச்சிருந்தீரு? தூக்குன பக்கெட்டுக்கு அடியில எந்தக் கோட்டிக்காரனாவது நிப்பானா?" என்று திட்டினாள். தினமும் இதே திட்டுத்தான் போலிருக்கிறது. அவனும், "எந் தப்புதான் சார், சின்ன மொதலாளிய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறுத்தியது. விபத்து நடந்த அன்று போதகர் புதுக் கொட்டகைக்கு ஜெபிக்க வந்திருந்தார். தீவனத்தோடு லோடரின் பக்கெட் மேலே நின்றது, இசக்கி கீழே குனிந்து தொட்டியில் கிடந்த பழைய வைக்கோலை வழித்துக்கொண்டிருந்தான். போதகரைக் கண்டதும், வண்டியில் உட்கார்ந்திருந்த உன் தம்பி அகில் மடிமேல் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிவிட்டு மரியாதையாக எழுந்து நின்றான், கால் மிதியில் பட்டது, பக்கெட் இறங்கியது. அந்தக் கம்பியைத் தூக்கினால் பக்கெட் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் என்று வண்டி வாங்கிய அன்று நீதானே வீடியோவில் எனக்குப் பெருமையாக விளக்கினாய்? அப்புறம் எப்படி இறங்கியது?

வீட்டுக்கு வந்து உன் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னான்: "அண்ணன் காட்டித் தந்ததாக்கும் அப்பா. ஓரோ தடவ கொட்டக கேட்டத் தொறக்க எறங்கும்போளும் வண்டி பூட்டிக்குதுன்னு சொன்னேன். கம்பியோட வயரச் சேத்துக் கெட்டுடா, அங்க யாரு வந்து பாக்கப்போறான்னு சொன்னான்."

யார் வந்து பார்க்கப்போகிறான். நீ வேலை பார்க்கும் அந்தப் பெரிய மாட்டுப் பண்ணையில் தினமும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாய் என்றும், பெல்ட் போடாமல் ஒருவன் தீவனம் தள்ளினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் நீ சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். விபத்தில்லாமல் ஓட்டியதற்கு உனக்குக் கொடுத்த சான்றிதழை அம்மா சபை முழுவதும் காட்டினாள். அங்கே அந்த வயரைத் தொடுவாயா நீ? இங்கே இருப்பவர்களின் காலில் என்ன குறை கண்டாய், மகனே? ஏழாம் வகுப்பில் மின்சாரப் பாடம் நடத்தும்போது ஃபியூஸைக் கழற்றிக் காட்டுவேன், நினைவிருக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று அந்த இடத்தில் தடித்த கம்பியைக் கட்டுகிறவன் வீட்டில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கும், தீப்பிடிக்கும் நாள்வரைக்கும். நீ அந்த வகுப்பில் முன்பெஞ்சில் இருந்தாய்.

குடும்பக் குரூப்பில், அந்த மடையன் ஏன் எழுந்தான் என்று எழுதியிருந்தாய். போதகர் வந்தால் எழுந்து நிற்பான். அகில் மட்டுமா, இந்த ஊரில் யாராக இருந்தாலும் நிற்பான். மனிதன் யோசிக்காமல் எழுந்துவிடுவான் என்று தெரிந்துதான் அந்தக் கம்பியையே வைத்தார்கள். அகில் செய்ததைச் சரியென்று நான் சொல்லவில்லை. இசக்கியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்கிறான், ஆனால் உன் பெயரை விட்டுவிட்டுச் சொல்வானாம். அந்தப் பாதி உண்மை வேண்டாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ பணம் அனுப்புகிறேன் என்கிறாய். அனுப்பு, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் இப்போதிருக்கும் நிலையில் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு இசக்கி உன்னைக் கும்பிடுவான். அதை என்னால் நின்று பார்க்க முடியாது.

இருபத்தேழாம் தேதி ஞாயிறு மாலை மாடம்மாள் அவனைத் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குக் கூட்டிப் போகிறாள். காலைப் பறிகொடுத்தது தன் கவனக்குறைவால்தான் என்று அவன் அங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். அதற்குள் நீ அவனைக் கூப்பிட்டு, வயரைக் கட்டச் சொன்னது நான், உன்மேல் தப்பில்லை என்று உன் வாயால் சொல். மாடம்மாளும் கேட்கும்படி சொல். அன்று ஆராதனை முடிந்ததும், அவர்கள் கிளம்புமுன் நான் அந்த அறைக்குப் போவேன். நீ சொல்லியிருந்தால் வாங்கிப் போகும் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சொல்லாவிட்டால் நான் சொல்வேன், உன் பெயரோடு.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. உப்பேரியை மனம் நிறைந்துதான் வறுத்தாள், அதைச் சாப்பிடு. கர்த்தர் உன்னையும் உன் கைகால்களையும் காத்துக்கொள்வாராக. நாளைக் காலை வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போடு, கம்பியை இறக்கு. அந்தச் சத்தம் கேட்கும்போது இசக்கியை நினைத்துக்கொள்.

உன் அப்பா,
ஞானையன்