மறுபக்கத்தால் வாசித்த புத்தகம்

தன்னாமுனை,
செப்டெம்பர் 14.

அன்பு மகள் ஷெரோனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. சொல்வழி கேட்காமல் இன்றைக்கும் இறால் வலையோடு வாவிக்குப் போய்விட்டார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அண்ணாவின் பெயரை எடுத்தால் உனக்கு உடனே டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறதே, அதனால்தான்.

ஜப்பானில் இருந்து நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. அந்த மங்காப் படக்கதைப் புத்தகத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே சின்னத் தாள் வெட்டித் தமிழ் எழுதி ஒட்டியிருக்கிறாயே! வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்து இதையும் செய்தாயா? கண் கெட்டுப்போகும், பிள்ளை.

நான் வேதாகமத்தைத் திறக்கிற மாதிரித்தான் திறந்தேன். முதலில் வளர்ந்த பெண் ஒருத்தி கல்லறைக்கு முன்னால் தனியே நிற்கிறாள். அங்கே தமிழே இல்லை. பிறகு வரவரப் பேச்செல்லாம் முன்னுக்குப் பின்னாக இருந்தது. உனக்குத் தமிழ் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். பக்கம் போகப் போக அவள் சின்னவளாகிறாள், செத்துப்போன அண்ணன் எழும்பி வருகிறான். கடைசியில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் பள்ளிக்கூடம் போகிறான். ஜப்பான்காரர் எவ்வளவு நல்லவர்கள் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாகச் சமைத்தேன்.

பக்கத்து வீட்டு றெபேக்கா வந்து பார்த்துவிட்டு, “அன்ரி, இது வலப்பக்கத்தால தொடங்கிற புத்தகம், நீங்க கடைசியில இருந்தல்லவா வாசிச்சிருக்கீங்க” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சரியான பக்கத்தால் வாசித்து அழுதேன்.

சரியாக வாசித்தால் ஒரு பிறந்தநாளில் தங்கச்சி அண்ணனைவிட மூத்தவளாகிவிடுகிறாள். அந்தப் பக்கத்தோடு உன் தமிழ் நின்றுவிட்டது. அவள் கல்லறைக்குப் போகிற பக்கங்களில் நீ ஒரு தாளும் ஒட்டவில்லை. வருகிற மார்கழியில் நீயும் நம்முடைய பிறின்ஸ் அண்ணாவின் வயதைத் தாண்டுகிறாய். அம்மாவுக்கு விளங்குகிறது, மகள்.

அவனை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோனபோது உனக்கு லீவு தரவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாய். பிறகு லீவு கிடைத்தும் நீ வரவில்லை. அதற்கு நான் கோபிக்கவில்லை. ஆனால் வயதில் தாண்டினால் அண்ணாவை விட்டுவிட்டுப் போகிறோம் என்று மட்டும் நினைக்காதே. நீ பல்லுப்போன கிழவியானாலும் அவனுக்குத் தங்கச்சிதான். அவனுடைய சைக்கிளை வாவிக்குள் விட்டுக் குட்டு வாங்கியவள் நீதானே!

நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்களின் நாள் வருகிறது. அதற்கு முதல் அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். சிலுவையில் பெயர் எழுதுவதை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வருடம் அவர் எழுதிப் பெயின்ற் எல்லாம் வழிந்து, பார்க்க முடியவில்லை. வீட்டில் அழகான எழுத்து உன்னுடையதுதான்.

புத்தகம் அண்ணாவின் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களுக்குத் தமிழ் எழுதி அனுப்பாதே, மகள். நீயே வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டு.

உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடும்,
அம்மா அஞ்சலா.