திமிங்கலம் பார்த்த ஞாயிறு

ஆண்டாப் ஹில்,
9.2.2025

அன்புள்ள நூர் நிஷாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. உன் போன் கடலோடு போய்விட்டதால் தபாலில் எழுதுகிறேன். காய்ச்சல் குறைந்ததா? நம் பை தைக்கும் கார்கானாவில் உன் மிஷினில் யாரையும் உட்கார வைக்கவில்லை. "அந்தப் பிள்ள நல்லா தேறி வரட்டும், அவசரம் ஒண்ணுமில்ல" என்று முதலாளி பிரம்மநாயகம் அண்ணாச்சி சொல்கிறார். டூர் கூட்டிப் போனவர் அவர்தானே, அவருக்கும் மனசு உறுத்துகிறது.

டூருக்கு வராதவர்கள் எல்லாம் மால்வண் கடலில் என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். முதலில் டால்பின்கள் வந்தன, ஏழெட்டு. தலைக்கு மேலே ஆலாப் பறவைகள் கத்திக்கொண்டு மீனுக்குப் பாய்ந்தன. திரும்பலாம் என்று படகுக்காரர் சொன்ன நேரத்தில் இடப்பக்கம் திமிங்கலம் எழும்பியது. "பைட்டோ, பைட்டோ" என்று அவர் கத்தியும் உட்காராமல் பதினெட்டுப் பேரும் அந்தப் பக்கம் ஓடினோம். படகு சாய்ந்தது. நீ விளிம்பைத் தாண்டிப் போனாய். நான் உன் கையைப் பிடித்தேன். ஈரக் கை, வழுக்கிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். மத்தியானம் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. சீக்கிரம் வா.

உன் அக்கா,
கோகிலா

*

சீத்தா கேம்ப்,
15.2.2025

அன்புள்ள கோகிலாக்காவுக்கு,

நூர் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. இடது காது மட்டும் இன்னும் அடைத்த மாதிரி இருக்கிறது.

மேலே இருந்து பார்த்ததை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் கீழே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். லைஃப் ஜாக்கெட் என்னை மிதக்க வைத்தது. திமிங்கலம் அதற்குள் தூரம் போய்விட்டது. கறுத்த முதுகு ஒரு தடவை தெரிந்தது, அவ்வளவுதான். அது விட்ட மூச்சின் மீன் நாற்றம் தண்ணீர்மேல் நின்றது. பக்கத்தில் ஒரு கடல்புறா மிதந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் பறக்கவில்லை. அப்புறம் படகுக்காரர் குதித்து வந்தார்.

அக்கா, கை வழுக்கவில்லை. நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். சுண்டுவிரலில் ஆரம்பித்தீர்கள். கோபத்தில் இதை எழுதவில்லை. வழுக்கியது என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

நூர்

*

ஆண்டாப் ஹில்,
20.2.2025

நூருக்கு,

ஆமாம், பிரித்தேன். இடுப்புவரை படகுக்கு வெளியே வந்துவிட்டேன். புழுக்கமாக இருக்கிறதென்று ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தேன். நீச்சல் தெரியாது. நீ என்னை இழுத்துவிடுவாய் என்று தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் விட்டேன்.

இங்கே கார்கானாவில், "கோகிலா போட்ட சத்தத்துலதான் நூர் பொழச்சா" என்று பேசிக்கொள்கிறார்கள். ருக்சானா எனக்கு டீ வாங்கித் தந்தாள். நானும் வாங்கிக் குடித்தேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் உள்ளதைச் சொல்லப்போகிறேன்.

உன்னை நேரில் வந்து பார்க்கலாமா? எழுது.

கோகிலா

*

சீத்தா கேம்ப்,
28.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ருக்சானா வந்திருந்தாள். நீங்கள் எழுந்து நின்று சொன்னதையும், அன்றிலிருந்து யாரும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதையும் சொன்னாள். "நீயாவது அவங்ககூட உக்காரு" என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். என்னைத் தூக்கிய படகுக்காரரின் கையைக் கரை வந்த பிறகும் நான் விடவில்லையாம். இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்களாம். எனக்கு அது நினைவில்லை. உங்களையும் அப்படித்தான் பிடித்திருப்பேன். நீங்கள் விடாமல் இருந்திருந்தால் ஜாக்கெட் இல்லாத நீங்கள்தான் போயிருப்பீர்கள். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், உங்கள்மேல் குற்றம் இல்லை.

ஆனால் பக்கத்து மிஷினில் உங்கள் கைகள் பை தைப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. இங்கேயே ஒரு கார்கானாவில் கேட்டிருந்தேன். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நோன்பு தொடங்கப்போகிறது. பெருநாளைக்கு வழக்கம்போல உங்கள் பங்கு பிரியாணி வரும். ருக்சானா கொண்டுவந்து தருவாள். நீங்கள் வர வேண்டாம்.

நூர் நிஷா