பாசிப் பேராசிரியர் பதவிக்கு ஆளில்லை

தார்த்து,
அக்டோபர் 9

அன்பு மகள் லேலோவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். நீயும் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

சனிக்கிழமை நீராவிக் குளியலில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் துறை அலுவலகத்து வைக்கெ என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி மார்யு, அம்மாவும் பொண்ணும் சேர்ந்து எங்கள வெச்சு விளையாடறீங்களா? திங்கக்கிழமை நீ விண்ணப்பத்த வாபஸ் வாங்கற, செவ்வாக்கிழமை அவ வாங்கறா, இப்ப அந்தப் பதவிக்கு ஒரு ஈ காக்கா இல்ல" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். மானம் போயிற்று.

உன்னை யார் விலகச் சொன்னது? இந்த நாட்டில் ஊர் என்று சொல்லிக்கொள்ள நாலைந்து, பல்கலைக்கழகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் சதுப்புநிலப் பாசியைப் பற்றிச் சொல்லித்தர நாட்டுக்கே ஒரு பேராசிரியர் பதவி. அதில் இருந்த கிழவர் ஓய்வு பெறட்டும் என்று பத்தொன்பது வருடம் விரிவுரையாளராகவே காத்திருந்தேன். விண்ணப்பித்த பிறகுதான் பட்டியலில் உன் பெயரைப் பார்த்தேன். கனடாவிலிருந்து நீ திரும்பிவர இதை விட்டால் வேறு வேலை கிடையாது என்றுதான் விலகினேன், உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. நீயோ அம்மா பாவம் என்று சத்தமில்லாமல் விலகியிருக்கிறாய். நம் வீட்டில் எல்லார் வாயிலும் என்ன கொழுக்கட்டையா? நான் விண்ணப்பித்ததை உன் காதில் போட்டது உன் தம்பி ராக்னர்தான் என்பதும் தெரிந்துவிட்டது. தலைநகர் தாலினுக்குப் போய் அவனுக்குப் படிப்பு ஏறியதோ இல்லையோ, கோள் சொல்ல நன்றாக வருகிறது. போனில் திட்டினால் சிரிக்கிறான், "இங்க ஒரு வேலைக்கு நாப்பது பேரு அடிச்சுக்கறாங்க, அங்க ரெண்டே பேரு, அதுவும் நீ போ நீ போன்னு" என்கிறான். உன் அப்பா இரண்டு நாள் யோசித்து, "ரெண்டு பேருக்கும் புத்தி இல்ல" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். நீ என்மேல் இரக்கப்பட்டாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் உனக்கு அதையேதான் செய்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பதவியை மறுபடி அறிவித்திருக்கிறார்கள். நேற்றே விண்ணப்பித்துவிட்டேன், இந்த முறை விலக மாட்டேன். நீயும் ஒழுங்காக விண்ணப்பி. நான் ஜெயித்தால் நீ அங்கேயே இருந்துவிடுவாய், அது தெரியாமல் எழுதவில்லை. நீ ஜெயித்தால் ஒரு வாரம் அழுவேன், பிறகு உன் அறையில் அடுக்கி வைத்திருக்கும் என் பாசிப் பெட்டிகளை எடுத்துவிட்டுக் கட்டிலைத் துடைத்து வைப்பேன். ஆனால் நீ விட்டுக்கொடுத்துத்தான் நான் ஜெயித்தேன் என்றால் அந்த நாற்காலியில் உட்காரவே மாட்டேன், சத்தியம்.

கிரான்பெரி ஜாம் அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் தீர்த்துவிடாதே. குளிர் வருகிறது, காலுக்குக் கம்பளி போடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணே. கடைசி நாள் முப்பதாம் தேதி மாலை நான்கு மணி, அது நம் ஊர் நேரம், கனடா நேரம் இல்லை.

இப்படிக்கு,
உன் போட்டியாளர்,
அம்மா