எட்டாவது லேயர்

வேளச்சேரி
12 ஜூலை 2024

அன்புள்ள சாய்மா,

காதுக்கு மெஷின் வைத்த பிறகு போனில் பாதிதான் கேட்கிறது என்றாய். அதனால் மெயிலிலேயே எழுதுகிறேன். உடம்பு தேவலையா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை, அதனால் சண்டைக்கு வர முடியாது.

ஒரு உதவி வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மயிலாப்பூரில் கோதண்டபாணி என்பவர் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறார். வடக்கு மாட வீதி பொம்மைக் கடையிலிருந்து ஒரு செட்டியார் பொம்மை இறங்கி ஊர் சுற்றப் போகிற கதை. பதினாறு படம். என் பென்சில் படங்களைப் பார்த்துச் சரி என்றவர், கிளம்பும்போது, "பேப்பர்ல வேண்டாம் மேடம், கம்ப்யூட்டர்ல வரைஞ்சு லேயரோட ஃபைலா குடுத்துடுங்கோ" என்றார். "அதுக்கென்ன சார், எப்பவும் அப்படித்தான் செய்றேன்" என்று சொல்லிவிட்டேன். லேயர் என்றால் எனக்குக் கேக்தான் தெரியும்.

கல்லூரிக்காரர்கள் எல்லாரும் கூடியபோது, "சாய்மா பிரஷ்ஷை விட்டுட்டு எலியைப் பிடிச்சிட்டா" என்று உன்னைச் சொல்லிச் சிரித்தவள் நான். இப்போது உன் வாசலுக்கே வந்து நிற்கிறேன். வாரப் பத்திரிகைகள் நின்ற பிறகு, இரண்டு வருஷமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட சார்ட்தான் வரைந்து கொடுக்கிறேன். இதுவும் போனால் நான் ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

பேர்போன சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டுமாம். நமக்குக் கட்டுப்படியாகாது. தெருமுனைக் கடைக்காரர் திருட்டுக் காப்பி போட்டுத் தருகிறேன் என்கிறார். போடட்டுமா?

உன்,
தேவானை


நங்கநல்லூர்
14 ஜூலை 2024

அடி தேவானை,

என்னிடம் என்னடி கூச்சம்? எலி ஜோக்குக்கு அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், அதுவும் ஆறிப்போச்சு.

திருட்டுக் காப்பி மட்டும் வேண்டாம். வைரஸ் வரும் என்பது அப்புறம். யாரோ உட்கார்ந்து உழைத்தது அது. வாடகை சாஃப்ட்வேர் என் ஆபீஸில் இருக்கிறது, கம்பெனி கட்டுகிறது. ஒரே தடவை விலை கொடுத்து வாங்குகிறவையும் உண்டு, ஆனால் எடுத்த எடுப்பில் காசைப் போடாதே. போட்டோவைத் திருத்த மட்டும் என்றால் கிம்ப் போதும். நீ வரைகிறவள், உனக்குக் கிரிட்டா. இரண்டும் இலவசம், செய்தவர்களே கொடுப்பது. கையில் இருக்கிற பணத்தில் ஒரு சின்ன பென் டேப்லெட் வாங்கு. எலியால் வரைந்தால் மணிக்கட்டு போய்விடும்.

லேயர் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கல்லூரியில் டிரேசிங் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போமே, அதுதான். ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு கண் இருக்கும். அதைத் தட்டினால் மூடிக்கொள்ளும், அந்த லேயர் தெரியாது. தெரியாதே தவிர, ஃபைலை விட்டுப் போகாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் தப்பு செய்வார்கள்.

பொம்மைக் கடை என்றதும் என் பழைய நோட்டு ஞாபகம் வந்தது. நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வடக்கு மாட வீதியில் நாம் இருவரும் உட்கார்ந்து வரைந்தோமே. பொம்மைகளுக்கு நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய அந்தக் கடைக்கார அம்மாள். அது இருந்தால் உனக்கு இப்போது உதவியிருக்கும். மஸ்கட் போகும்போது உன்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனேன், 2015 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உன் வீடே முழுகிக் கிடந்தபோது நான் நோட்டுக்காக போனில் அழுததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, அவ்வளவுதான். நீயாவது வரை.

சாய்மா


வேளச்சேரி
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சாய்மா,

கிரிட்டா போட்டாயிற்று. தமிழ்நிலாவின் லேப்டாப்பை அவள் காலேஜிலிருந்து வந்த பிறகு கெஞ்சி வாங்கிக்கொள்கிறேன். பெண்ணிடம் கெஞ்சுவது புதுசாக இருக்கிறது.

என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பேனா மேஜைமேல் ஓடுகிறது, கோடு திரையில் விழுகிறது. இரண்டு வாரமாகச் செட்டியாருக்கு மூக்கு வரவில்லை. புருஷனும் விடுவதில்லை. அசோகன் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தேவானை, காலைல பாத்தப்பவும் இதே மூக்குதானே போட்டுக்கினு இருந்த?" என்கிறார். தமிழ்நிலா என் தோளுக்கு மேலே கையை நீட்டி கன்ட்ரோல் இசட்டை அமுக்கி, "அழிச்சாச்சு, திரும்பப் போடும்மா" என்கிறாள். நேற்று குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். இருபது வருஷம் வரைந்த கை.

மாதிரிக்கு ஒரு படம் வேண்டுமாம், இரண்டு வாரத்துக்குள். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று கோதண்டபாணி தன்மையாகத்தான் சொன்னார்.

நோட்டைப் பற்றி எழுதியிருந்தாய். இனி அதைப் பற்றி எழுதாதே. எனக்குத் தாங்கவில்லை.

உன்,
தேவானை


நங்கநல்லூர்
5 ஆகஸ்ட் 2024

தேவானை,

நோட்டைப் பற்றி எழுதவில்லை, போதுமா. வெள்ளம் வந்ததற்கு நீ என்ன செய்வாய், பைத்தியமே.

குறுக்குவழி ஒன்று சொல்கிறேன். பேப்பரிலேயே வரை. போனில் படம் எடுத்து, அதை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு லேயராகப் போட்டுக்கொள். மேலே புது லேயரில் கோடு இழு. உன் படத்தின் மேல் நீ வரைவதில் ஒரு வெட்கமும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். முடிந்ததும் அடியில் இருப்பதை எடுத்துவிடு, ஃபைல் கனக்காது.

ஆஞ்சநேயர் கோயில் பக்கம் போனேன். வடை மாலை வாசனைக்கு உன் ஞாபகம் வந்தது. ஒரு நாள் வாயேன்.

சாய்மா


வேளச்சேரி
17 ஆகஸ்ட் 2024

என் தங்கமே சாய்மா,

வந்துவிட்டது. படத்தை அனுப்பிய அரை மணியில் கோதண்டபாணி போன் செய்தார். "அந்தக் கடைக்கார அம்மா தூங்கற தூக்கம் இருக்கே மேடம், நேர்ல பாத்த மாதிரி இருக்கு" என்றார். பதினாறு படமும் எனக்கே. அசோகன் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை லேயரோடு ஃபைலை அனுப்ப வேண்டும். அதற்கு முன் நீ ஒரு பார்வை பார்த்து, கலர் சரியா, லேயரெல்லாம் ஒழுங்கா என்று சொல். இதோடு அனுப்பியிருக்கிறேன். அடியில் இருந்ததை நீ சொன்ன மாதிரியே எடுத்துவிட்டேன்.

எல்லாம் உன்னால்தான்.

உன்,
தேவானை


நங்கநல்லூர்
18 ஆகஸ்ட் 2024

தேவானை,

ஃபைல் திறந்தது. எட்டு லேயர். ஏழுக்குக் கண் திறந்திருந்தது. எட்டாவதை நீ எடுக்கவில்லை, கண்ணைத்தான் மூடியிருக்கிறாய்.

திறந்து பார்த்தேன். ஓரத்தில் 14-10-2001 என்று என் கையெழுத்து. பக்கத்தில் நாம் குடித்த டீ சிந்திய கறை. தண்ணீர் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை.

என் நோட்டு எங்கே இருக்கிறது?

சாய்மா


வேளச்சேரி
19 ஆகஸ்ட் 2024

சாய்மா,

பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

தண்ணீர் உள்ளே வந்தபோது மாடி வீட்டுக்கு ஓடினோம். ரேஷன் கார்டு, சர்டிபிகேட், அதோடு உன் நோட்டு. என் படங்களை எடுக்க நேரமில்லை. இதை நான் நல்லவள் என்று காட்ட எழுதவில்லை. நாலாம் நாள் சிக்னல் வந்து நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாய். என் பன்னிரண்டு வருஷப் படங்கள் சாக்கடைத் தண்ணீரில் கூழாகிக் கிடந்தன. உன்னுடையது மட்டும் காய்ந்து, அழகாக, என் மடியில் இருந்தது. "எல்லாம் போச்சு" என்றேன். "என் நோட்டுமா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வயிற்றெரிச்சல்தான், வேறு பேர் கிடையாது. நீ அழுதாய். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளை ஆக ஆகச் சொல்ல வாய் வரவில்லை.

பத்திரிகைக்கு வரையும்போதெல்லாம் அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். உன் மாதிரி ஒரு கை, ஒரு கழுத்து வருகிறதா என்று பார்ப்பேன். வரவே இல்லை. இந்தத் தடவை கைக்குத்தான் வரவில்லையே, மேலேயே இழுத்துவிட்டேன். நோட்டு போனதோடு நீ வரைவதை விட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

இன்று மயிலாப்பூர் போய்க் கோதண்டபாணியிடம் சொல்லிவிட்டேன். படம் என்னுடையது இல்லை, சாய்மா என்பவருடையது என்று. அவர் காபி வரவழைத்திருந்தார், குடிக்காமல் வந்துவிட்டேன். உன் மெயில் விலாசம் கொடுத்திருக்கிறேன்.

நோட்டைத் தமிழ்நிலா கொண்டுவருவாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரில் வர எனக்கு முகமில்லை. நீ திட்டினால் நன்றாக இருக்கும்.

தேவானை


நங்கநல்லூர்
22 செப்டம்பர் 2024

தேவானை,

நோட்டு வந்தது. தமிழ்நிலாவுக்கு டீ கொடுத்தேன். அவள் கேட்டதற்கு, நான்தான் கொடுத்து வைத்திருந்தேன் என்றேன். அது பொய்யில்லை.

திட்டலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன். வரவில்லை.

கோதண்டபாணி எழுதினார். அந்த அம்மாளை நானே புதிதாக வரைந்து தர முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். நோட்டுதான் வந்துவிட்டதே, கையும் வந்துவிடும் என்று ஆசை. ஒரு மாதம் ஆயிற்று. தலை வருகிறது, கழுத்து வரவில்லை. கால் இரண்டும் கட்டை மாதிரி நிற்கிறது. இருபது வயசில் ஒரு மத்தியானத்தில் போட்ட கோடு. இப்போது எப்படி யோசித்தாலும் அந்த வயசு சாய்மா எங்கே கையை ஊன்றிக்கொண்டு வரைந்தாள் என்று தெரியவில்லை.

கடைசியில் நீ செய்ததைத்தான் நானும் செய்தேன். என் பழைய படத்தைப் போனில் எடுத்து, அடியில் போட்டு, மேலே கோடு இழுத்தேன். உனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வழி. என் படத்தின் மேல் நான் வரைவதில் வெட்கம் இல்லை என்று உனக்கு எழுதினேன். இருக்கிறது, தேவானை.

ஃபைலை இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ திறந்து தேட வேண்டாம். அடி லேயரின் கண்ணை மூடாமலே வைத்திருக்கிறேன். இரண்டு கோடும் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்று தெரியும்.

பார்த்தால் போதும். பதில் எழுதாதே.

சாய்மா