ஸீன்னா நீங்க இல்ல, அவ

முதலிபாளையம்
12.3.2025

அன்புள்ள மக தேஜஸ்ரீக்கு அம்மா எழுதறது. இங்க உங்கப்பாவும் நானும் ஒரு குறையும் இல்லாம இருக்கறோம், என்ற இருதயமும் சேர்ந்து நல்லா இருக்குது, நேத்துக்கூட மாடிக்கு ரெண்டு பண்டல் துணியை நானே தூக்கீட்டுப் போனேன், மூச்சு வாங்கலை. அங்க நீயும் மாப்பிள்ளை யோனாசும் சளி காய்ச்சல் இல்லாம இருப்பீங்கன்னு நெனைக்கறேன். யோனாஸ்னு சரியா எழுதியிருக்கறனா பாத்துக்க, உங்கப்பா இன்னும் ஜோனாஸ்னுதான் சொல்றாரு. தெனம் போன்ல பேசற அம்மா எதுக்குக் காகிதத்துல எழுதறான்னு நெனைப்பே. போன்ல நீ குறுக்க குறுக்கப் பேசி, கண்ணு பொன்னுன்னு நான் எறங்கி வர்ற மாதிரி பண்ணீருவே. காகிதத்துல குறுக்க பேச முடியாது பாரு, அதுக்குத்தான்.

ஊர்ச் சேதி மொதல்ல சொல்லீடறேன். போன வாரம் உன்ற அத்தை பெரியாத்தாள் வெள்ளகோவில்ல இருந்து வந்திருந்தா. ஒரு டம்ளர் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள, மக கல்யாணத்துக்கு ஏரோப்ளான்ல போறியாமா, அந்தக் குளிருக்கு என்னத்தைக் கட்டுவேன்னு நாலு தடவை கேட்டுட்டா. கேக்கறப்ப அவ கண்ணெல்லாம் ஆணியில தொங்குன உங்கப்பா கோட்டு மேலதான். ஆமா, உங்கப்பா கோட்டுத் தைச்சுட்டாரு. முப்பது வருசமா ஊருக்கெல்லாம் பனியன் தைக்கற மனுசன், தனக்குன்னு ஒரு கோட்டுக்கு அளவு குடுக்கறக்கு டவுன்ல டெய்லர் கடைக்கு மூணு தடவை போயிட்டு வந்தாரு, தோள்பட்டை ஒரு நூல் எறங்குதுன்னு அந்தாளோட சண்டை வேற. பாஸ்போர்ட் வந்து நாலு மாசமாச்சு. விசாவுக்கு நீ அனுப்பறேன்னு சொன்ன அழைப்புக் கடிதம் மட்டுந்தான் வரலை. ஏதோ ஆபீஸ்ல சீல் வெக்கறக்கு லேட்டாகுதுன்னு சொன்னே. நானும் அதை நம்பி சொந்தம் ஒறம்பரை எல்லாருக்கும் சமாதானம் சொல்லீட்டுத் திரிஞ்சேன், அந்த ஊர்ல எல்லாம் மொறைப்படிதான் நடக்குமாமான்னு பெருமை வேற.

இப்ப உனக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு. நான் மறுபடியும் ஜெர்மன் படிக்கறேன். ஆடியில நீ யோனாசைப் பத்திச் சொன்ன அடுத்த நாள் ஆரம்பிச்சது, எட்டு மாசம் ஆகப்போகுது. நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் எக்ஸ்போர்ட் கம்பெனி செக்கிங்ல இருந்தப்ப வருசத்துக்கு ரெண்டு தடவை அந்தூர்ப் பொம்பளை ஒருத்தி பீஸ் பாக்க வருவா, அவ வாயைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் என்ற மொதல் ஜெர்மன். ஓட்டைக்கு லோஹ், கறைக்கு ஃப்ளெக், தையலுக்கு நாட், பனியனுக்கு உன்டர்ஹெம்ட். குத்தம் சொல்றக்கு வேண்டிய வார்த்தை அத்தனையும் தெரியும், நல்லா இருக்கறீங்களான்னு ஒருத்தரைக் கேக்கத் தெரியாது. அப்புறம் ஒரு புஸ்தகம் வாங்கிக் கொஞ்சம் படிச்சேன், அதுக்குள்ள நீ பொறந்தே, விட்டுப்போச்சு. இப்ப அம்பத்தி நாலு வயசுல ஒரு நோட்டும் போன்ல ஒரு ஆப்பும் வெச்சுக்கிட்டு மத்தியானம் சோத்து நேரத்துல உக்காந்தேன். காலையில படிச்சது பொழுதோட மறந்துரும். கரண்டி ஆம்பளையாம், முள்கரண்டி பொம்பளையாம், கத்தி ரெண்டுமில்லையாம், எவன் உக்காந்து முடிவு பண்ணுனானோ! ஒரே ஆறுதல், பாதி வார்த்தை உங் உங்னு முடியுது, நம்ம ஊர்ல ஏனுங் சொல்லுங்னு பேசற மாதிரியே இருந்துச்சு. நம்ம கம்பெனியில ஓவர்லாக் மெசின் ஓட்டற மாரிச்செல்வம், சாத்தூர்க்காரன், நான் சத்தமாப் படிக்கறதைக் கேட்டுட்டு, எக்கா யாரைப் போட்டு இப்பிடி வையுதீகன்னு கேட்டான். இல்லப்பா சம்பந்தியம்மாகிட்டப் பேசறக்குப் படிக்கறேன்னு சொன்னேன். அவன்கிட்டச் சொன்னேன், உன்கிட்டச் சொல்லலை. கல்யாணத்தன்னைக்கு எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நாலு வார்த்தை பேசி உன்னை வாயைப் பொளக்க வெக்கோணும்னு ஆசை. ஆசையைப் பாரு, கெழவிக்கு!

போன மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வீடியோவுல சம்பந்திமாரைக் காட்டுனயே, அன்னைக்கு நான் உங்கப்பா போனைப் பக்கத்துல வெச்சு நீங்க பேசுனதை எல்லாம் பதிவு பண்ணுனேன். கெட்ட எண்ணம் ஒண்ணுமில்ல, நெசமான ஜெர்மன்காரங்க பேசறதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் படிக்கலாம்னுதான். நான் தமிழ்ல சொல்றதை நீ அவங்களுக்குச் சொன்னே, அவங்க சொன்னதை எனக்குச் சொன்னே. நாங்க ரெண்டு பேரும் கட்டாயம் வர்றோம்ங்க, முகூர்த்தப் புடவை இங்கிருந்தே எடுத்துட்டு வர்றோம்ங்கன்னு நான் சொன்னேன், நீ என்னைக் கைகாட்டிக் கைகாட்டி நெம்ப நேரம் பேசுனே. பேச்சுல எனக்குப் பிடிபட்டது ஒரு வார்த்தைதான், ஸீ, ஸீ, ஸீ. ஸீன்னா நீங்கன்னு அர்த்தம், மரியாதைக்குச் சொல்றதுன்னு நான் மொத நாளே படிச்சது. வேண்டியவங்களை அந்தப் பாஷையில டூன்னு, நீ போன்னு சொல்லோணுமாம், நமக்கு அது வருமா, தொட்டில்ல கெடக்கற கொழந்தையையே வாங்க கண்ணுங்கறவங்க நாம. அதனால நான் டூவைப் படிக்கவே இல்ல, ஸீயை மட்டும் புடிச்சுக்கிட்டேன். நீ ஸீ போட்டுப் பேசப் பேச எனக்குப் பூரிச்சுப் போச்சு. எந்தச் சீமைக்குப் போனாலும் என்ற புள்ளை பெத்தவளை நீங்கன்னு மரியாதையாச் சொல்றாளேன்னு இருந்துச்சு. கடைசியா சம்பந்தியம்மா பிரிகிட்டே என்னமோ கேட்டாங்க, நீ சிரிச்சுக்கிட்டே ஸீன்னு ஆரம்பிச்சு உன்டர்ஹெம்டன்னு முடிச்சே. பனியன்! இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்திப் படிச்ச வார்த்தை. ஆகா, எங்கம்மா பனியன் வேலையில பெரிய கெட்டிக்காரின்னு சொல்றான்னு நெனைச்சு நானும் தலையாட்டித் தலையாட்டிச் சிரிச்சேன், ஆமா ஆமான்னு யா யான்னேன்.

மூணு நாள் கழிச்சு பிரிகிட்டே அம்மாகிட்ட இருந்து எனக்கு ஒரு மெசேஜ். நம்பரை மாப்பிள்ளைகிட்ட வாங்குனாங்களாமா. பூப்படம் போட்டு, உங்க இருதயம் சீக்கிரம் குணமாகோணும்னு எழுதியிருந்தாங்க. ஆப்புல போட்டுப் பாத்தேன், நோட்டுல பாத்தேன், இருதயந்தான். என்ற இருதயத்துக்கு என்ன வந்துச்சுன்னு ஒண்ணும் புரியலை. அப்புறந்தான் பதிவு பண்ணுனதை எடுத்தேன். ரெண்டு நாள் மத்தியானம் சோத்தைக்கூட பிரிக்காம காதுல மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா எழுதுனேன். எழுதி வெச்சுப் பாத்தா வினைச்சொல் இடிக்குது. நீங்கன்னா ஹாபன்னு வரோணும், நீ சொன்னது ஹாட். நீங்கன்னா ஃபெர்ஷ்டேயன்னு வரோணும், நீ சொன்னது ஃபெர்ஷ்டேட். ரெண்டாவது பாடத்துல நான் பத்துத் தடவை தப்புப் பண்ணி ஆப் செவப்புல காட்டுன அதே எடம். ஸீன்னா நீங்க மட்டும் இல்ல, அவளுன்னும் அர்த்தம். நீ என்னை நீங்கன்னு சொல்லவே இல்ல. அவளுன்னு சொன்னே. அவளுக்கு இருதயம் சீக்கு, அவளால வர முடியாது, அப்பாவால கம்பெனியை உட்டுட்டு வர முடியாது. பிரிகிட்டே அம்மா கேட்டது, அவங்களுக்குக் கொஞ்சமாச்சும் ஜெர்மன் புரியுமான்னு. நீ சொன்னது, ஒரு வார்த்தை புரியாது, அவளுக்குப் புரியறது பனியன் மட்டுந்தான்னு. அந்தம்மா சிரிக்கலை கண்ணு. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டேன். சிரிச்சது நீ மட்டுந்தான், அப்புறம் நானு.

உனக்குப் பொய் சொல்ல வரும்னு தெரியும், அஞ்சாவது படிக்கறப்பவே வரும். ஒரு எழுத்துப் பெசகாம வேத்துப் பாஷையில பொய் சொல்லுவேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. பெருமையாத்தான் இருக்குது, நான் எட்டு மாசம் முக்கியும் எனக்கு அந்த வினைச்சொல் படியலை, உனக்குத் தண்ணியா வருது. நீ ஏன் அப்பிடிச் சொன்னேங்கறதும் அந்தப் பதிவுலயே கெடைச்சுது. உங்கப்பாவுக்கு ஃபாக்டரி இருக்குது, எண்பது பேர் வேலை செய்யறாங்கன்னு சொல்லியிருக்கறே. நம்மகிட்ட இருக்கறது ஆறு பவர்டேபிள் மெசினு, எட்டு ஆளு, எட்டுக்குப் பக்கத்துல ஒரு சைபரை வெச்சுட்டே. நாங்க வந்து நின்னா அந்த சைபர் விழுந்துரும், என்ற நகத்துல மெசின் எண்ணெய் தெரியும், உங்கப்பா டம்ளரை அண்ணாத்திக் குடிப்பாரு, அதானே? நான் பத்து லட்சம் பீஸ் பாத்தவ, உன்னையும் ஒரு தடவை மேசையில விரிச்சுப் பாத்தேன். ஓட்டை இல்ல, கறை இல்ல, அளவெல்லாம் சரி. லேபிளை மட்டும் பிரிச்சுட்டு வேற லேபிள் வெச்சுத் தைச்சிருக்கறே. அந்த மாதிரிப் பீஸை நான் ஒருநாளும் பாஸ் பண்ணுனது இல்ல. வெக்கமா இருந்தா அம்மா நீங்க வரவேண்டாம்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். கட்டையில போறவளாட்டம் என்னை நோயாளி ஆக்கி, அதை என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்ல உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு, சொல்லு பாக்கலாம்.

பிரிகிட்டே அம்மாவுக்குப் பதில் போடறக்கு மொதல்ல ரெண்டு வரி எழுதுனேன். என்ற இருதயம் நல்லா இருக்குது, என்ற மக பொய் சொல்றான்னு. தப்பே இல்ல, ஆப்பு பச்சையில டிக் போட்டுச்சு. அனுப்பற எடத்துல வெரலை வெச்சுக்கிட்டு, சோத்து நேரம் முடிஞ்சு மெசின் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பிக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் அதை அழிச்சுட்டு வேற எழுதி அனுப்பீட்டேன். நன்றிங்க, எனக்கு இருதயம் சரியில்லீங்க, என்னால வர முடியாதுங்கன்னு. ங்க எல்லாம் அதுல இல்ல, நான் சொல்லிப் பாக்கறப்ப சேத்துக்கிட்டேன். எட்டு மாசம் படிச்சு நான் ஒரு ஜெர்மன்காரங்களுக்குச் சொன்ன மொத வாக்கியம் உன்ற பொய்தான். பயப்படாத, உன்ற கல்யாணம் நல்லா நடக்கும். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க, இனி நான் குணமாகவே கூடாது. நல்லாயிட்டான்னு சொன்னா அடுத்த லீவுக்குக் கூட்டீட்டு வான்னு அந்தம்மா சொல்லுவாங்க. அதனால வருசா வருசம் என்னை இன்னும் கொஞ்சம் சீக்காளி ஆக்கீட்டே வா, ஒரு நாள் தலையை முழுகீட்டா உனக்கும் சோலி முடிஞ்சுது.

உங்கப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அந்த வேலை உன்னோடது. அழைப்புக் கடிதம் வராது, நீங்க வரவேண்டாம்னு நீயே போன் போட்டுச் சொல்லு, உன்ற வாயால, தமிழ்ல சொல்லு. அவருக்கு மொழிபெயர்க்க நான் பக்கத்துல உக்கார மாட்டேன். இந்தக் கூரியர்லயே முகூர்த்தப் புடவையும் வெச்சிருக்கறேன், அரக்குக் கலரு, பிடிச்சாக் கட்டு, இல்லாட்டி ஜன்னலுக்கு மாட்டிக்க. பார்சல்ல முருங்கைக்கீரைப் பொடி இருக்குது, சோத்துல ஒரு ஸ்பூன் போட்டுச் சாப்பிடு, ரத்தம் ஊறும். தலைக்கு எண்ணெய் வெக்காம இருக்காத. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருசம் நல்லா இருக்கோணும், பதினாறும் பெறோணும், உனக்குப் பொறக்கற பொண்ணு உன்னை மாதிரியே கெட்டிக்காரியா, உன்னை மாதிரியே நாலு பாஷை பேசோணும்னு அம்மன்கிட்ட வேண்டிக்கறேன்.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. நான் அனுப்புனதைப் பாத்துட்டு பிரிகிட்டே அம்மா அன்னைக்கே திருப்பி எழுதியிருக்கறாங்க. உங்க ஜெர்மன் இவ்வளவு நல்லா இருக்குதே, உங்க மக ஒரு வார்த்தை தெரியாதுன்னு சொன்னாங்களே, அப்ப அன்னைக்கு நாங்க பேசுனது உங்களுக்குப் புரிஞ்சுதான்னு கேட்டிருக்கறாங்க. பத்துப் பன்னெண்டு நாளா பதில் போடாம வெச்சிருக்கறேன். கூரியர்க்காரன் பார்சலை உன் கையில குடுத்ததும் எனக்கு மெசேஜ் வரும். அதைப் பாத்துட்டு அனுப்பறேன், ஒத்தை வார்த்தைதான், அல்லெஸ். எல்லாமேன்னு அர்த்தம், நோட்டுல பாத்துச் சரி பண்ணீட்டேன். அவங்க உன்னைக் கூப்பிடறதுக்குள்ள என்ன சொல்றதுன்னு நல்லா யோசிச்சு வெச்சுக்க.

இப்படிக்கு,
உன்ற அம்மா
ரங்காத்தாள் ஈஸ்வரமூர்த்தி