வாயில் ஒரு வேர்க்கடலை

மீனுவின் தண்ணீர் பாட்டிலை வைப்பதற்காக இன்று காலை உன் காக்கித் துணிப்பையைக் கவிழ்த்து உதறினேன். ஒரு மார்க்கர் மூடி, பசை போன மஞ்சள் சீட்டுகள் நாலு, அப்புறம் ஒரு கைப்பிடி வேர்க்கடலைத் தோல். இதில் எது நீ போட்டது, எது போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது என்று பிரிக்க முடியவில்லை. துடைப்பம் எடுக்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வறுத்த வாசனை இன்னும் போகவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வாரமே எல்லோரும் உன்னைப் பற்றி வாட்ஸ்அப்பில் பத்தி பத்தியாக எழுதினார்கள். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினேன். எதையும் தாமதமாகவே செய்பவள் நான். கல்லூரியிலிருந்து உனக்குத் தெரிந்ததுதானே.

செகந்திராபாத்தில் உங்கள் லாலாகுடா பள்ளிக்கூட ஹாலில் நடந்த அந்த முதல் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். தெருக் குப்பைக்கு என்ன வழி என்று அந்தப் பகுதித் தமிழ் ஜனங்களே கூடிப் பேசிய நாள். ஆறு மேசை, மேசைக்கு எட்டுப் பேர், பேச்சை நடத்திக்கொடுக்க மேசைக்கு ஒருவர். ஓர் ஆள் வரவில்லை என்று என்னைப் பிடித்து இழுத்துப் போனாய்.

"நான் என்னடீ பேசணும்?"

"ஒண்ணும் பேசக் கூடாது. வேலையே அதான்."

நான் கேட்டால்தானே! யாராவது ஒரு நொடி நிறுத்தினால் எனக்குப் பொறுக்காது. அந்த இடைவெளியில் எல்லாம் நானே புகுந்து பேசினேன். போதாததற்கு அவர்கள் சொன்னதை 'நல்ல தமிழில்' சார்ட்டில் எழுதினேன். கடைசியில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரான ஒரு பெரியவர் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் சார்ட்டை மேலிருந்து கீழே படித்தார்.

"ஏம்மா, தொட்டிக்கு மூடி இல்ல, நாய் இழுத்துட்டுப் போவுதுன்னு நான் சொன்னேன். நீ என்னமோ 'கழிவு மேலாண்மையில் உட்கட்டமைப்புக் குறைபாடு'ன்னு எழுதியிருக்க. இதுல என் நாய் எங்கம்மா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. நீ தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாய், துரோகி. அழுகிற நிலையில் வெளியே வந்தேன். வாசலில் வண்டிக்காரரிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கி, ஒன்றைத் தோலுரித்து என் வாயில் போட்டாய்.

"மெல்லாத. கன்னத்துல ஒதுக்கிக்க. இனிமே கேள்வி கேட்டவுடனே ஒரு கடலையைப் போட்டுக்கணும். வேற யாராவது வாயத் தொறந்த அப்புறம்தான் மெல்லணும்."

"யாருமே தொறக்கலைன்னா?"

"ஊறிப்போன கடலையும் நல்லாத்தான் இருக்கும், போடீ."

அதன்பின் எத்தனை கூட்டங்கள்! லோத்குண்டாவில் மழையில் தார்ப்பாய்க்கு அடியில் நடத்தினோமே, அதுவும் உண்டு. முடிந்து ஆட்டோவில் வரும்போது என் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்பாய்: "இதுல நாய் இருக்கா?" நான் ஏதாவது பெரிய வார்த்தை போட்டிருந்தால், "நக்கோடீ, நக்கோ" என்று இழுத்துச் சொல்லிக் கிழித்துவிடுவாய். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் உன்னுடையது. வேண்டாம் என்பதற்கு உன் வாயில் ஒருநாளும் வேறு சொல் வந்ததில்லை.

மீனு பிறந்தபின் எல்லாவற்றையும் மறந்தேன். அவளுக்கு இரண்டு வயதாகியும் வெளி ஆள் முன்னால் ஒரு சொல் வராது. வீட்டில் தமிழ், கீழே தெலுங்கு, அடுத்த வீட்டில் இந்தி, குழந்தை குழம்பிப்போயிருக்கிறாள் என்றார்கள். ராத்திரியெல்லாம் போனில் தேடிப் படித்துப் பயந்துகொண்டிருந்தேன். நீ மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் முன்னால் உட்கார்ந்து, "என்ன வேணும் கண்ணு?" என்பாய். "அவளுக்குப் பால் வேணும்" என்பேன் நான்.

"உன் மேசையில இப்ப இருக்கிறது ஒரே ஒரு ஆளு. அவளையும் பேச விட மாட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உன் போனை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது திருப்பிக் கேட்டால் யார் தருவார்கள்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோதும் நான் வாய் ஓயாமல் எதையோ உளறிக்கொண்டிருந்தேன். நீ ஒற்றை விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாய். வாயை மூடினேன். அரை மணி நேரம் இருவரும் சும்மா இருந்தோம். நன்றாக இருந்தது.

போன ஞாயிறு எங்கள் காலனியில் கூட்டம். பின்பக்கக் காலி மனையை என்ன செய்வது என்று பேச வேண்டும். உன் அம்மா கொடுத்த இந்தப் பையோடு போனேன். மீனுவின் அப்பாவுக்கு ஷிப்ட் என்பதால் அவள் என் மடியில். கடலைப் பொட்டலத்துக்கு இரட்டை முடிச்சு, அவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்னாவது? அங்கே ஊஞ்சலும் சறுக்குமரமும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மேசை நடத்துகிறவள் தன் ஆசையைச் சொல்லக் கூடாது.

செக்ரட்டரி சார் பார்க்கிங் என்றார். இரண்டு பேர் நடைபாதை என்றார்கள். மூலை வீட்டு வாட்ச்மேனின் மனைவி யாதம்மா மட்டும் வந்ததிலிருந்து பேசவில்லை. "மீரு செப்பண்டி யாதம்மா" என்று தெலுங்கில் அவர் கருத்தைக் கேட்டுவிட்டு வாயில் கடலையைப் போட்டுக்கொண்டேன்.

"அவங்க என்ன சொல்லப்போறாங்க மேடம், பார்க்கிங்னு எழுதுங்க" என்றார் செக்ரட்டரி. கையை மட்டும் உயர்த்தினேன். கடலை ஊறியது.

"லைட்டு காவாலம்மா" என்று விளக்கு கேட்டார் யாதம்மா. மனையை ஒட்டிய சந்து இருட்டு. டியூஷன் முடிந்து மகள் வரும்வரை போன் டார்ச்சை அடித்துக்கொண்டு முனையில் தினமும் நிற்கிறாராம். அப்படியே எழுதினேன், போன் டார்ச்சு உட்பட. நாய் இருந்தது, என் சீட்டில். செக்ரட்டரி சாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முதல்ல லைட்டு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

"இன்னும் யாராவது?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடலையைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து யாதம்மா மீனுவிடம் குனிந்து, "நீ பேரேந்தி, பிட்டா?" என்றார்.

மீனுவின் பெயரை யாராவது கேட்ட மாத்திரத்தில் முந்திக்கொண்டு சொல்கிறவள் நான். கன்னத்தில் கடலை. மெல்லவும் முடியாது, பேசவும் முடியாது. என் சுண்டுவிரலை மீனு இறுக்கிப் பிடித்திருந்தாள். மேசையில் இருந்த எட்டுப் பேரும் காத்திருந்தார்கள்.

"மீனு."

எறும்பு பேசியது போல. அப்புறம், யாரும் கேட்காமலே, காலி மனைப் பக்கம் கையை நீட்டினாள். "ஊயல காவாலி. பெத்தது."

ஊஞ்சல் வேண்டுமாம். பெரிசாக! மேசையே சிரித்தது. "ராயண்டி மேடம், ராயண்டி!" என்று எழுதச் சொல்லி மேசையைத் தட்டினார் யாதம்மா. எழுதினேன்: 'மீனு: ஊஞ்சல். பெரிசு.' எழுத்து கோணிக்கொண்டு போனது. அப்புறம்தான் மென்றேன். நீ சொன்னது சரிதான்டீ, ஊறிப்போன கடலையும் நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று லிஃப்டில் மேல்வீட்டு ஆன்ட்டி மீனுவைக் கேட்டார்: "எங்க வீட்டுக்கு வர்றியா?" என் வாய் தானாகத் திறந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், காலி. கடலை இல்லாமலே காத்திருந்தேன். முதல் மாடி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் கதவு திறந்தபோது என் குழந்தை நிமிர்ந்து, தெளிவாக, உன் அதே இழுப்போடு சொன்னாள்:

"நக்கோ."