மாப்பிள்ளை, உங்கள் பிழைகள் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டன

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துணி பார்த்த என் மாப்பிள்ளை பழனிச்சாமிக்கு,

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக நீங்கள் இணையத்தில் உட்கார்ந்து எழுதிய அத்தனையையும், நீங்கள் தவறிப்போன பத்தொன்பதாம் நாள், முகம் தெரியாத ஒரு கம்பெனி மூடிவிட்டது. உங்கள் பக்கம், நீங்கள் தொடங்கிய குழு, போட்ட படங்கள், ஊர் ஊராக ஆட்கள் கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில், ஒன்றும் இல்லை. எழுதியவர் நீங்கள். பூட்டியவர்கள் அவர்கள். திறக்க முடியாது என்று சொன்னவர்களும் அவர்களே.

பூட்டச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தவன் நான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் புதிய பக்கத்தின் முகப்பில் போடப்போகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை காந்திமதியைக் கட்டிய நாள் முதல் நீங்கள் அருள்புரத்தில் பின்னல் துணி செக்கிங் சூப்பர்வைசர். நான் ஓவர்லாக் மெஷின் மெக்கானிக்காக இருந்து, ஐம்பதாவது வயதில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்த பக்கங்களின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தே வெப்சைட் செய்யக் கற்றவன். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் பக்கம் செய்து கொடுத்தேன். "மெக்கானிக்குக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றவர்களின் கம்பெனிக்கும் நான்தான் செய்தேன்.

நீங்கள் அந்தக் கம்பெனியின் நட்பு வலைத்தளத்தில் துணிப் பிழைகளுக்கென்று ஒரு குழு தொடங்கினீர்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு, சாயத் திட்டு. ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண், ஒரு படம், அது ஏன் வருகிறது, எங்கே கண்டுபிடிக்கலாம், யார் மேல் பழி போடக் கூடாது. அந்தக் கடைசி வரியை நீங்கள் ஒரு தடவையும் விட்டதில்லை.

அன்றைக்கே நான் சண்டை போட்டேன். உங்களுக்கென்று நானே ஒரு தளம் செய்து வைத்திருந்தேன். நீங்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"உங்க ஊடு நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான். ஆனா ஆளே இல்லாத ஊட்டுல போயி யாருகிட்டீங்க பேசறது?"

"வாடகை ஊட்டுச் செவுத்துல ஆணி அடிக்கறீங்க மாப்ளே. நாளைக்கு அவன் காலி பண்ணச் சொன்னா செவுத்தப் பேத்துட்டா போவீங்க?"

"நீங்க வந்து பேத்துக் குடுங்க. வெப்சைட்டுக்காரருதானுங்களே!"

காந்திமதி அடுப்படியில் இருந்து சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதம் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பேச முடியும் என்ற உங்கள் பேச்சில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். ஷிப்டு முடித்து, கம்பெனி வேனில் உட்கார்ந்தபடியே.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் யாருக்கும் செய்தி சொல்லாமல் விடக் கூடாது. ஒருவருக்கு விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்கு அந்தப் பேச்சு நிற்கும். நான்தான் பட்டியல் போட்டேன். பங்காளி, சம்பந்தி, கம்பெனி, சீட்டுக்காரர், பால்காரர் வரை சொல்லியாயிற்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு பட்டியலை மறுபடி பார்த்தபோது ஓரிடம் விட்டுப்போனது தெரிந்தது. நீங்கள் தினமும் போய் உட்கார்ந்த அந்த நட்புத் தளம். அவர்களுக்கும் முறையாகச் சொல்ல வேண்டாமா?

அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். இறப்புச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து இணைத்தேன். துக்கம் விசாரித்து இரண்டு வரி எழுதுவார்கள் என்று நினைத்தேன். எழுதினார்கள். "வருந்துகிறோம், உங்கள் தகவலின்படி கணக்கை மூடிவிட்டோம்" என்று எழுதினார்கள். குழுவை நடத்தியவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் குழுவும் சேர்ந்து போயிற்று.

திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், ஒரு புள்ளிகூட மாறாமல்: "கணக்கு வைத்திருப்பவர் நீங்கள் அல்ல." உங்கள் சாவைச் சொன்னபோது என்னை நம்பினார்கள் மாப்பிள்ளை. உங்கள் எழுத்தைக் கேட்டபோது நான் யாரோ ஆகிவிட்டேன்.

நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. காந்திமதியிடம்கூட. எப்படிச் சொல்வது?

அப்போதுதான் சண்முகத்தாய் போன் செய்தாள். உங்களிடம் வேலை பழகிய தெற்கத்திப் பெண், இப்போது பக்கத்து யூனிட்டில் செக்கிங்.

"அண்ணாச்சி, சார் எழுதுனதுல நாப்பத்தொண்ணாம் பிழை எங்க போச்சு? தேடித் தேடிப் பாக்கேன், பக்கமே வர மாட்டேங்கு."

"எதுக்கும்மா கேக்கற?"

"சாயம் போட்டு வந்த துணி முழுக்கக் குறுக்குப் பட்டையா நிக்கி. சாயத்துக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒழுங்காப் பாக்கலன்னு எங்க நாலு பேரையும் மாசக் கடைசியோட வேலைய விட்டு நின்னுக்கிடச் சொல்லிட்டாவ. சாயத்துக்கு முந்தி அது கண்ணுக்கே தெரியாதுன்னு சார் படம் போட்டு எழுதியிருந்தாவல்லா? அது இருந்தாப் போதும் அண்ணாச்சி."

மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் செய்ததை அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

"நீங்க போயி அவங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொன்னிய? அவன் என்ன நமக்குச் சொக்காரனா, சொந்தக்காரனா?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியிலேயே எனக்கு வழி தெரிந்தது. தளத்துக் கம்பெனிக்குச் சொன்னேன், குழுவில் இருந்தவர்களுக்குச் சொன்னேனா? அவர்களல்லவா உங்களுக்குச் சொந்தம்!

பிடிவாதக்காரன் என்று நீங்கள் வைத்த பேருக்கு வேலை வந்தது. சண்முகத்தாய்க்குத் தெரிந்த நான்கு பேரிடம் தொடங்கினேன். "பழனிச்சாமி தவறிப்போயிட்டாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க. அப்படியே உங்க மெயிலத் திறந்து, அவரு எழுதி வந்தது ஏதாச்சும் கிடக்குதான்னு பாருங்க." குழுவில் நீங்கள் ஒன்று எழுதினால் அதில் உறுப்பினர்களின் மெயிலுக்கும் ஒரு படி போகும். அதை யாரும் அழிப்பதில்லை, சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் வாழ்க!

ஒருவர் நான்கு பேருக்குச் சொன்னார், நான்கு பேர் பதினாறு பேருக்கு. ஈரோட்டில் இருந்து வந்தது, லூதியானாவில் இருந்து வந்தது. மூடியவர்களின் வாசலுக்கு நான் மறுபடி போகவே இல்லை. அவர்கள் பூட்டி வைத்த வீட்டில் இருந்ததெல்லாம் ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது. திருமுருகன்பூண்டியில் என் அறைக்கு வெளியே சிற்பிகள் கல் கொத்திக்கொண்டிருக்க, நான் உள்ளே உங்கள் பிழைகளை எண் வாரியாக அடுக்கினேன். மின்சாரம் போனால் தாளில் எழுதி அடுக்கினேன்.

எழுத்தெல்லாம் வந்தது. படங்கள் வரவில்லை. மெயிலில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். நாற்பத்தொன்றின் எழுத்து கையில் இருக்கிறது. படம் இல்லாமல் எந்த மேனேஜர் நம்புவார்? மாதக் கடைசிக்கு மூன்று நாள்தான் பாக்கி.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடலாம் என்று வந்தேன். அதில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் கடிதம் உட்பட. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

"ஏனுங்ணா, இதுக்கா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரிஞ்சீங்க? போட்டோவ எதுக்குங்க தேடறீங்க? துணியே இருக்குதுங்களே."

பீரோவின் கீழ்த்தட்டில் இருந்து மூன்று பிஸ்கட் டின்களை எடுத்து வைத்தாள். உள்ளே அட்டை அட்டையாகத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டேப்லர் அடித்து, உங்கள் கையெழுத்தில் எண்.

"அவருதான் சொல்லுவாருங்க, துணி வாங்கற பையருக்கு ஒண்ணு அனுப்புனா அதே மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இருக்கோணும்னு. நெட்டுல போடறதுக்கும் அதேதானாமா."

கவுண்டர் சாம்பிள்! வெளிநாட்டுக்கு அனுப்பும் மாதிரிக்கு இன்னொன்றை நம் அலமாரியில் வைப்போமே, அது. மூன்று வருடம் உங்களிடம் கத்தினேனே, நகல் வையுங்கள் நகல் வையுங்கள் என்று! வைத்துத்தான் இருந்தீர்கள். எனக்குத் தெரிந்த நகல் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. உங்களுக்குத் தெரிந்த நகல் கையில் பிடிப்பது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் ஜெயித்ததாக ஆகிவிடும் என்றா?

நாற்பத்தொன்றில் இரண்டு துண்டு இருந்தது. சாயத்துக்கு முன், சாயத்துக்குப் பின். ஒரே துணி. முதல் துண்டில் ஒன்றுமே தெரியவில்லை, இரண்டாவதில் பட்டை பட்டையாக நிற்கிறது. கீழே உங்கள் எழுத்து: "வேறு வேறு சமயத்தில் நூற்ற இரண்டு லாட் நூல் கலந்து ஓடியது. செக்கிங் ஆட்கள் மேல் பழி போடக் கூடாது."

மறுநாள் காலையில் அந்த அட்டையையும் மெயிலில் வந்த எழுத்தையும் எடுத்துக்கொண்டு சண்முகத்தாயோடு யூனிட்டுக்குப் போனேன். மேனேஜர் நின்றபடியே கேட்டார்.

"நீங்க யாருங்க?"

"பழனிச்சாமிக்கு மச்சானுங்க."

அவர் உட்காரச் சொன்னார். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆளை அனுப்பி, அந்தத் துணி ஓடிய மெஷினின் நூல் கோன்களைக் கொண்டுவரச் சொன்னார். கோன்களுக்குள் ஒட்டிய சீட்டுகளில் இரண்டு வேறு லாட் எண்.

"இதுக்கு மேல என்னங்க பேசறது," என்றார். நான்கு பேரும் வேலையை விட்டு நிற்க வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் சண்முகத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்த மனுசன் வந்து சாச்சி சொல்லிட்டுப் போயிருக்காவ அண்ணாச்சி." அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்றும் தெரியவில்லை.

இன்று உங்கள் பிழைகள் அனைத்தும் புதிய படங்களோடு நம் சொந்தத் தளத்தில் இருக்கின்றன. ஆளில்லாத வீடு என்றீர்களே, வந்து பாருங்கள், அருள்புரத்து யூனிட்களில் சாப்பாட்டு நேரத்தில் திறந்து படிக்கிறார்கள். மற்றவர்கள் எழுதிய பதில்களை ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் போட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். அது அவருடைய எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பொத்தான்: அழுத்தினால் முழுவதும் அழுத்தியவர் கைக்கு வந்துவிடும், எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். என் தளத்தில் இருந்தும்தான். என்னிடமும் யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். நட்புத் தளம் நடத்துகிறவர்கள், உள்ளே வர வைத்த கதவு அளவுக்கு வெளியே போகவும் கதவு வைக்க வேண்டும். எழுத்து, படம், நண்பர்களின் பட்டியல், எல்லாம் அந்த வழியாகப் போக வேண்டும். செத்தவர் கணக்கை மூடும் முன் வீட்டாரைக் கேட்க வேண்டும். என்னைப் போல வெப்சைட் செய்கிறவர்கள், அந்தப் பொத்தானை வைக்காமல் எந்தப் பக்கத்தையும் ஒப்படைக்கக் கூடாது. அங்கே எழுதுகிறவர்களே, ஒரு கவுண்டர் சாம்பிளை வீட்டில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சாவு விழுந்த வீட்டாரே, உறவுக்கெல்லாம் செய்தி சொல்லுங்கள், ஆனால் தளத்துக் கம்பெனிக்குச் சொல்லும் முன் அவர் எழுதியது முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்முகத்தாய் நாளை முதல் புதுப் பிழைகளுக்கு எண் போட வேண்டும், சம்மதித்துவிட்டாள். பிஸ்கட் டின்கள் காந்திமதியின் பொறுப்பு.

எனக்கு ஒரே வேலை. எந்தச் சுவரில் யார் ஆணி அடித்தாலும், காலி பண்ணச் சொல்லும் நாளில் நானே போய்ச் சுவரோடு பேர்த்துக் கொடுப்பேன். நீங்கள் கேட்டதுதான், கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அன்று விட்டுவந்த டீயை நேற்று உங்கள் வீட்டில் குடித்துவிட்டேன்.

தோற்றதையும் ஜெயித்ததையும் ஒன்றாக ஒப்புக்கொள்ளும்,
உங்கள் காந்திமதியின் அண்ணன், உங்கள் மச்சான்.